கோடு போட்ட சட்டைக்காரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

இன்றைக்கு நாம பேசப் போறது அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி. நம்ம ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடிச்சுக்கிட்டு மோதுவாங்களே, அது. ஆனா ஸ்டார் பிளேயர் யாரைப் பற்றியும் பேசப் போறதில்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் நிற்கும் நடுவர்களைப் பற்றித்தான் இந்த எபிசோடு.

ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் விசில் ஊதுபவர் முதன்முதலா எங்கே விசில் ஊதியிருப்பார்? பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன ஊரில், பத்து வயசுப் பசங்க ஆடும் சனிக்கிழமை காலை ஆட்டத்திலோ, வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் ஹைஸ்கூல் மேட்ச்சிலோதான். இந்த வேலைக்கு வேறு வாசல் கிடையாது.

முதல்ல 1876-க்குப் போவோம். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், கொலம்பியா மாதிரியான கல்லூரிகள் சேர்ந்து பொது விதிகளை எழுதின வருஷம் அது. அந்த விதிப்படி ஒரு அணிக்கு ஒரு ஜட்ஜ், நடுவில் ஒரு ரெஃபரி. கவனிச்சீங்களா? ஜட்ஜை அந்தந்த அணியே கூட்டிட்டு வரும். நம்ம எழுதின கோடை நம்ம நண்பனே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ற மாதிரி. என்ன ஆகும்? அந்த ஜட்ஜுகள் தங்கள் அணிக்கு வக்கீலா மாறினாங்க. ஆட்டத்தை விட வாக்குவாதம் நீண்டுச்சு. 1880-களில் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, இரண்டு பக்கமும் சாராத ஆட்களிடம் பொறுப்பைக் கொடுத்தாங்க. நடுநிலைங்கறது இந்த ஆட்டத்தில் முதல் நாளே இருந்த விஷயம் இல்லை. சண்டை போட்டுப் போட்டுக் கண்டுபிடிச்சது.

அடுத்து 1905. அந்த ஒரே சீசனில் குறைந்தது 18 பேர் இந்த ஆட்டத்தால் இறந்துபோனாங்க. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். 1906-இல் விதிகள் மாறின: பந்தை முன்னால் எறியலாம், இரண்டு அணிகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கூட்டமா ஒரே இடத்தில் மோதிக்கிட்டிருந்த ஆட்டம் மைதானம் முழுக்க விரிஞ்சுது. விரிஞ்சா, பார்க்கவும் நிறையக் கண்கள் வேணும் இல்லையா? ஒருவர் இருவராக ஆரம்பிச்ச நடுவர் குழு, என்.எஃப்.எல்.-இல் 1978 முதல் ஏழு பேர். ஹைஸ்கூல் ஆட்டங்களில் வழக்கமா ஐந்து பேர். உயிர்ச் சேதம் என்கிற பின்னணியில்தான் இந்த வேலையின் எடை புரியும். பதினைந்து வயசுப் பையன் தலையைக் குனிஞ்சு மோத வரும்போது, அதைத் தவறுன்னு சொல்ல அங்கே ஒருத்தர் நிற்கணும்.

சரி, சட்டைக்கு வருவோம். 1920 வாக்கில் நடுவர்கள் வெள்ளைச் சட்டையும் போ டையும்தான் போடுவாங்க. மிச்சிகனில் லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர் இருந்தார். எதிரே வெள்ளை ஜெர்சி அணி ஒன்று வர, அவரைத் தங்கள் ஆள்னு நினைச்சு ஒரு வீரர் பந்தை அவரிடமே கொடுத்துட்டாராம். அதற்கப்புறம் ஓல்ட்ஸ் தைக்கச் சொன்னதுதான் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை.

கொடியின் கதை இன்னும் அழகு. 1941 அக்டோபர் 17, ஒஹையோவில் யங்ஸ்டவுன். அதுவரை தவறு நடந்தால் நடுவர்கள் ஹார்ன் ஊதுவாங்க. கூட்டத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. பயிற்சியாளர் டுவைட் பீடிக்கு ஒரு யோசனை: சத்தம் போடாம துணியை எறிஞ்சா என்ன? அவர் மனைவி இர்மா, மகளுடைய பழைய ஹாலோவீன் உடையின் சிவப்புத் துணியையும் ஒரு வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தைத்து, எடைக்கு மீன்பிடிக்கும் ஈயக்குண்டைக் கட்டிக் கொடுத்தார். 1948-இல் என்.எஃப்.எல். கொடியை ஏற்றது, 1965-இல் அது மஞ்சளானது.

புதுசா வர்ற நடுவர் கத்துக்கிற முதல் பாடமே இந்தக் கொடியில்தான் இருக்கு. பெரும்பாலான தவறுகளுக்கு விசில் ஊதக் கூடாது. கொடியை எறி, ஆட்டம் ஓடட்டும். விசில் ஆட்டம் முடிந்ததும்தான். அவசரப்பட்டு ஊதிட்டா, நல்லா ஓடிக்கிட்டிருந்த பையனின் ஓட்டம் அங்கேயே செத்துப் போகும். மணிக்கட்டில் ஒரு எலாஸ்டிக் பட்டை, விரலில் மாட்ட ஒரு வளையம். எத்தனையாவது முயற்சின்னு மறக்காம இருக்க ஒவ்வொரு முறையும் விரல் மாத்தி மாட்டணும். மாநில சங்கத்தில் பதிவு, விதிப் புத்தகத் தேர்வு, சங்கக் கூட்டங்கள், அப்புறம் குட்டிப் பசங்க மேட்ச். பெரும்பாலும் புதியவரைக் கோட்டோரத்தில்தான் நிறுத்துவாங்க. பயிற்சியாளரின் கத்தல் காதுக்குள்ளேயே விழுகிற இடம் அது!

இந்த வாசல் எல்லாருக்கும் ஒரே மாதிரி திறக்கலை. பர்ல் டோலர் 1951-இல் ஒரு ஆட்டத்திலும் தோற்காத சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணியில் ஆடியவர். கறுப்பின வீரர்களை விட்டுட்டு வந்தால் பெரிய போட்டிக்கு இடம்னு சொல்ல, அந்த அணி மறுத்துவிட்டது. பிறகு முழங்கால் காயம் அவருடைய ஆட்டத்தை முடிச்சுது. ஆசிரியரானார், பள்ளி முதல்வரானார், 1965-இல் என்.எஃப்.எல்.-இன் முதல் கறுப்பின நடுவரும் ஆனார். சாரா தாமஸ் 1996-இல் மிசிசிப்பியில் அண்ணனைப் பார்த்து ஒரு நடுவர் கூட்டத்துக்குப் போனவர். பல வருஷம் பள்ளி ஆட்டங்கள், அப்புறம் கல்லூரி. 2015-இல் என்.எஃப்.எல்.-இன் முதல் நிரந்தரப் பெண் நடுவர். 2021-இல் சூப்பர் பவுல். பத்தொன்பது வருஷத்தில் ஷார்ட்கட் எதுவும் இல்லை.

ஷார்ட்கட் போட்டா என்ன ஆகும்னும் வரலாறு காட்டியிருக்கு. 2012-இல் சம்பளத் தகராறில் என்.எஃப்.எல். தன் நடுவர்களை வெளியே நிறுத்தி, கீழ்மட்ட ஆட்டங்களிலிருந்து மாற்று ஆட்களைக் கொண்டு வந்தது. செப்டம்பர் 24, சியாட்டில்–கிரீன் பே ஆட்டத்தின் கடைசிப் பந்து: ஒரே காட்சியைப் பார்த்து இரண்டு நடுவர்கள் இரண்டு விதமாகக் கை காட்டினாங்க. இரண்டே நாளில் ஒப்பந்தம் முடிவானது. அந்த மாற்று நடுவர்கள் முட்டாள்கள் இல்லை. பல படிகளைத் தாண்ட வைத்து ஒரே இரவில் மேலே ஏற்றப்பட்டவர்கள்.

இப்ப உண்மையான கவலை அந்த முதல் படியில்தான் இருக்கு. அமெரிக்காவின் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு சொன்ன கணக்குப்படி, 2018–19-க்கும் 2021–22-க்கும் இடையே எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து சுமார் 50,000 நடுவர்கள் விலகிட்டாங்க. கொரோனா ஒரு காரணம். பெற்றோரும் பயிற்சியாளர்களும் கத்துறது இன்னொரு பெரிய காரணம். நடுவர் கிடைக்காததால பல ஊர்களில் வெள்ளிக்கிழமை மேட்ச் வியாழனுக்கும் சனிக்கும் தள்ளிப் போச்சு.

கேலரியிலிருந்து கத்துற அப்பாவுக்கு எதிரில் நிற்பது பெரும்பாலும் பகலில் வேற வேலை பார்த்துட்டு, கொஞ்சம் பணத்துக்கும் நிறைய ஆசைக்கும் வந்த ஒருத்தர். முதல் சீசன்காரராகவும் இருக்கலாம். அவர் அடுத்த வருஷம் வரலைன்னா, நஷ்டம் அவருக்கு இல்லை. அடுத்த டோலரும் அடுத்த சாராவும் வர்ற வாசல் அது.

அடுத்த தடவை எந்த விளையாட்டைப் பார்த்தாலும், அது தெரு கிரிக்கெட் அம்பயரா இருந்தாலும் சரி, ஒரு தடவை அவர் நிற்கிற இடத்திலிருந்து பாருங்க. மீண்டும் அடுத்த எபிசோடில் சந்திப்போம்.