மீன் கடிக்கும் நேரம்: ஆப் காட்டும் நட்சத்திரம் எங்கிருந்து வந்தது?

மீன்பிடி ஆப் எதையாவது திறந்து பாருங்க. இன்றைக்கு மூன்று நட்சத்திரம், நாளைக்கு நான்கு என்று போட்டிருக்கும். சிறந்த நேரம் காலை 5.40 முதல் 7.40 வரை என்று நிமிடக் கணக்கில் சொல்லும். சென்னைக்கும் இதே பாணிதான், சிட்னிக்கும் இதே பாணிதான்.

வேலைக்குப் போகிற நகரத்து ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதிலும் வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பதை இந்த நட்சத்திரம்தான் பல பேருக்கு முடிவு செய்கிறது. அப்படியென்றால் அது எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்பது நியாயம்தானே?

தேடிப் பார்த்தால், அந்தத் திரையில் இரண்டு தனித்தனி வரலாறுகள் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பது தெரிகிறது. ஒன்றுக்கு வயது 1300. இன்னொன்றுக்கு சுமார் 100. முதலாவது கணக்கு. இரண்டாவது ஊகம். ஆப்பில் இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து என்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை.

துறைமுகத்துக்கு ஒரு கணக்கு

முதல் வரலாறு கடல் ஏற்றவற்றத்தின் கதை. நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வருகிறது, கடல் ஏற்றமும் அதே அளவு தள்ளிப்போகிறது என்பது கடலோரத்தில் வாழ்ந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அதை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் பீட். வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி. 725-ல் காலக் கணக்கு பற்றி எழுதிய நூலில் ஓதத்தையும் பேசுகிறார். நிலாவோடு ஓதம் சேர்ந்து நகர்வதை மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. ஒரே கடற்கரையிலேயே வடக்கே இருப்பவர்களுக்கும் தெற்கே இருப்பவர்களுக்கும் ஏற்றம் ஒரே சமயத்தில் வருவதில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கான தாமதம் இருக்கிறது என்கிறார். இந்தக் கட்டுரை முழுக்க நமக்குத் தேவையான வரி இதுதான். நேரத்தைச் சொல்ல நிலா மட்டும் போதாது, இடமும் வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் ஒரு அட்டவணை எழுதப்பட்டது. லண்டன் பாலத்தில் ஏற்றம் எப்போது வரும் என்பதை நிலாவின் வயதை வைத்துச் சொல்லும் அட்டவணை. நாளுக்கு 48 நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போகும். எளிமையான கணக்கு. ஆனால் அது லண்டன் பாலத்துக்கு மட்டும்தான், வேறு ஊருக்குப் பொருந்தாது.

இதை உலகம் முழுக்கப் பொருந்தும் முறையாக மாற்றியதில் பெரும் பங்கு வில்லியம் தாம்சனுக்கு, அதாவது பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவருக்கு. அவருடைய யோசனையை இன்றைய மொழியில் சொன்னால் ஃபூரியே பகுப்பாய்வு. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைப் பல தனித்தனி அலைகளின் கூட்டுத்தொகையாகப் பிரிப்பது. நிலாவால் வரும் முக்கிய அலைக்கு 12.42 மணி நேரம். சூரியனால் வருவதற்கு 12 மணி நேரம். இந்த இரண்டும் சேரும்போது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றவற்றம். முரண்படும்போது அஷ்டமியை ஒட்டிச் சின்ன ஏற்றவற்றம். இவற்றோடு இன்னும் பல சிறு அலைகள். எந்தெந்த அலை என்பது எல்லா ஊருக்கும் பொது. எந்த அலை எவ்வளவு உயரம், எவ்வளவு தாமதம் என்பது ஊருக்கு ஊர் வேறு. அதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

1870-களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டலைச் செய்ய ஒரு இயந்திரமே கட்டப்பட்டது. ஒவ்வொரு அலைக்கும் ஒரு கப்பி, எல்லாக் கப்பிகளையும் சுற்றிப் போகும் ஒரே கம்பி, அதன் முனையில் ஒரு பேனா. கைப்பிடியைச் சுற்றினால் வருங்காலக் கடல் மட்டம் காகிதத்தில் கோடாக விழும். இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் வடிவமைத்த ஒரு இயந்திரம் 1879-ல் லண்டனில் தயாரானது. நம் துறைமுகங்களில் அளந்த எண்கள் கப்பலேறி லண்டன் போகும். அங்கே இயந்திரம் சுற்றும். அட்டவணையாக அச்சாகித் திரும்பி வரும். ஒரு வகையில் கிளவுட் கம்ப்யூட்டிங்தான், பதில் வரத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

இன்றைக்கு ஆப்பில் வரும் ஓதக் கோடு இதே கூட்டல்தான். கப்பிக்குப் பதில் பத்து வரி நிரல். அதை நம்பலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த அட்டவணைகள் கப்பலுக்காகப் போடப்பட்டவை. துறைமுக வாயிலில் எவ்வளவு ஆழம் இருக்கும் என்பதுதான் கேள்வி. மீன் பசியோடு இருக்குமா என்று அந்த இயந்திரத்தை யாரும் கேட்கவில்லை.

ஃப்ளோரிடாவிலிருந்து வந்த நட்சத்திரம்

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கத் தூண்டில்காரர். 1926-ல் ஃப்ளோரிடாவில் மீன்பிடித்த அனுபவத்திலிருந்து அவருடைய தேடல் தொடங்குகிறது. மீனின் தீனி நேரத்தைப் பாதிக்கக்கூடிய 33 காரணிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். சூரியன், நிலா, ஓதம். அதிலிருந்து அவர் உருவாக்கிய சொல்தான் சோலூனார். நிலா தலைக்கு மேல் நிற்கும் நேரமும், நமக்கு நேர் கீழே பூமிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நேரமும் பெரிய வேளைகள், ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம். நிலா உதிப்பதும் மறைவதும் சின்ன வேளைகள். 1930-களில் அட்டவணைகள் வெளிவரத் தொடங்கின. ஆப்பில் இருக்கும் நட்சத்திரம் பெரும்பாலும் இந்த வம்சம்தான்.

பீட் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்க. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். சென்னையில் அதே நாளில் நேரம் வேறு. நைட்டின் முறையில் இரண்டு ஊருக்கும் கிடைப்பது தீர்க்கரேகைத் திருத்தம் மட்டும்தான். கரை எப்படி வளைகிறது, அடியில் எவ்வளவு ஆழம், ஆறு கலக்கிறதா என்ற எதுவும் கணக்கில் இல்லை. 1200 ஆண்டுகளாகச் சேர்த்த இடம் என்ற தகவல் ஒரே வீச்சில் காணாமல் போய்விட்டது.

இந்தக் கொள்கைக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது ஃபிராங்க் பிரவுன் 1954-ல் வெளியிட்ட சிப்பி ஆய்வு. கனெக்டிகட் கடற்கரையிலிருந்து சிப்பிகளைக் கடலே இல்லாத இல்லினாய்க்குக் கொண்டுபோய் இருட்டறையில் வைத்தார். முதலில் அவை பழைய ஊரின் ஏற்ற நேரத்தில் வாய் திறந்தன. இரண்டு வாரத்தில் நேரத்தை மாற்றிக்கொண்டன. புதிய ஊரில் கடல் இருந்திருந்தால் எப்போது ஏற்றம் வருமோ, அந்த நேரம் என்றார் பிரவுன்.

பலருக்கும் தெரியாதது இதற்கு வந்த பதில். 1957-ல் லாமான்ட் கோல் என்ற சூழலியலாளர் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒற்றைக் கொம்புக் குதிரையின் உடற்கடிகாரம் பற்றியது. அப்படி ஒரு விலங்கே கிடையாது. அதனால் தற்போக்கு எண் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து, அவைதான் குதிரையின் தரவு என்று வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் காலத்தில் புழங்கிய அதே மாதிரிப் பகுப்பாய்வைச் செய்தார். அழகான ஒரு தினசரி லயம் கிடைத்தது! தேவைக்கேற்ப நகர்த்தி, சராசரி எடுத்து, மென்மையாக்கினால் இரைச்சலிலிருந்தும் தாளம் வரும் என்பதுதான் செய்தி. தரவோடு வேலை செய்கிற எல்லோரும் மேசை மேல் ஒட்டி வைக்க வேண்டிய பாடம்.

மீனுக்கும் நிலாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. நிலா ஓதத்தைத் தள்ளுகிறது, ஓதம் தண்ணியைத் தள்ளுகிறது, தண்ணி இரையைத் தள்ளுகிறது. நிலா வெளிச்சமும் ஒரு விஷயம்தான். ஆனால் நிலா நேர் மேலே நிற்பதால் மட்டும் மீன் கடிக்கும் என்பது வேறு விஷயம். முன்னது இடத்துக்கு இடம் மாறும், பின்னது மாறாது என்று ஆப் நினைக்கிறது.

சென்னையில் ஒரு மீட்டர்

சென்னையில் பெரிய ஏற்றவற்றத்தின்போதே கடல் மட்டம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர். சின்ன ஏற்றவற்றத்தில் அதில் பாதிகூட இல்லை. குஜராத்தின் பாவ்நகரில் இது பத்து மீட்டர் அளவுக்குப் போகும். பாவ்நகரில் ஓதம்தான் ராஜா. மெரினாவில், திறந்த கரையில், அது பல குரல்களில் ஒன்று.

சென்னையில் ஓதத்துக்கு மதிப்பு கூடும் இடம் முகத்துவாரம். அடையாறு, கூவம், எண்ணூர். வற்றம் தொடங்கும்போது உள்ளே இருக்கும் இறாலும் பொடிமீனும் தண்ணியோடு வெளியே வரும். குறுகிய வாயில், ஓடுகிற நீர். கொடுவா மாதிரி வேட்டை மீன் அந்த வாயிலில் காத்திருக்கும். உச்ச ஏற்றத்தில் நீர் அசையாமல் நிற்கும் நேரத்தைவிட, நீர் நகரும் நேரமே தூண்டில்காரருக்கு முக்கியம்.

ஆனால் இங்கே ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. வாய் திறந்திருக்க வேண்டும். அலை கொண்டுவரும் மணல் கோடையில் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்து உடைத்துத் திறக்கும். மணல் மூடிவிட்டால் ஆப் காட்டும் ஓதக் கோடு அந்தப் பக்கத்துக்குச் செல்லாது, ஐந்து நட்சத்திரம் என்றாலும் சரி. மழை விஷயத்திலும் கவனம் தேவை. கழிவுநீர் தேங்கிய ஆற்றை முதல் வெள்ளம் கலக்கிவிட்டால் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கும். அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

காற்று சொல்லும் நேரம்

திறந்த கரையில் கட்டுமரக்காரர் முதலில் பார்த்தது காற்றைத்தான். வாடை, கொண்டல், தென்றல், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்தது கவிதைக்காக மட்டும் இல்லை. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துக் கடலுக்குள் போவது, பிறகு கடற்காற்று எழும்பியதும் அதிலேயே கரைக்குத் திரும்புவது. எரிபொருள் இல்லாத காலத்து நேர அட்டவணை இது.

கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கும் இது அப்படியே பொருந்தும். விடியற்காலையில் நிலக்காற்று அலையைத் தட்டி வைத்திருக்கும். தண்ணி ஓரளவு தெளிவாக இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் வேட்டை மீன் கரையை நெருங்கும். வெயில் ஏறிக் கடற்காற்று விழுந்ததும் அலை உடைந்து மணல் கலங்கும். ஆப்பின் நட்சத்திரத்தில் விடியல் அடிக்கடி நன்றாக வருவதற்கு நிலா காரணமாக இருக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தென்மேற்குக் காற்று கரைக்கு இணையாக நீடித்து வீசினால் மேல்தண்ணி வெளியே தள்ளப்படும். அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணி மேலே வரும். விசாகப்பட்டினம் கடலில் இதை 1950-களில் யூஜின் லாஃபாண்ட் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நடுக்கோடையில் காலை வைத்தால் கடல் திடீரென்று ஜில்லென்று இருந்தால், கீழே ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள்.

நகரம் மாற்றிய கரை

இடமும் நிலையாக நிற்கவில்லை. 1876 வாக்கில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. 1881 புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். மணல் கிடைக்காத வடக்குப் பக்கம், ராயபுரம் தொடங்கி, அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் பாறைகளைக் கொட்டினார்கள். அதற்கு நம் ஊரில் வழங்கும் பெயர் தூண்டில் வளைவு. பெயர் வடிவத்தால் வந்தது, ஆனால் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. பாறை இடுக்கில் சிறு மீன், அதைத் தேடிப் பெரிய மீன், அதைத் தேடித் தூண்டிலோடு நாம். குப்பத்து ஜனங்களின் வீடும் கரையும் போன இடத்தில் நமக்கு ஒரு பொழுதுபோக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இந்தப் பாறைகளில்தான் நேரக் கணக்கு உயிர்க் கணக்காக மாறுகிறது. தொலைவில், வேறொரு பெருங்கடலில் எழுந்த புயலின் நீண்ட அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து மோதும். அதற்குக் கேரளத்தில் கள்ளக்கடல் என்று பெயர். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. நட்சத்திரத்தில் இது வராது. நான்கு நட்சத்திர நாளில் பாறை மேல் நிற்கிறவரைக் கள்ளக்கடல் அடித்துப் போகலாம்.

ஆகவே, என் வரிசை இது. முதலில் எச்சரிக்கை இருக்கிறதா. பிறகு காற்று எந்தப் பக்கம். பிறகு தண்ணியின் நிறம். முகத்துவாரம் என்றால் வாய் திறந்திருக்கிறதா, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. இத்தனைக்கும் பிறகு ஓத அட்டவணை. நட்சத்திரம் கடைசியில், அதுவும் ஆசைக்கு. பக்கத்துக் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் இதில் பாதி முடிந்துவிடும்.

நட்சத்திரத்தைச் சோதித்துப் பார்க்க ஆசையா? ஒரு நோட்டு போடுங்க. தேதி, இடம், காற்று, தண்ணி நிறம், ஓதம், கிடைத்தது என்ன. நட்சத்திரம் குறைந்த நாளிலும் போங்க. முக்கியமாக, வெறுங்கையோடு திரும்பிய நாளையும் பூஜ்யம் என்று எழுதுங்க. மீன் கிடைத்த நாளை மட்டும் எழுதினால், கோலுடைய ஒற்றைக் கொம்புக் குதிரை உங்கள் நோட்டிலும் கனைக்கும்.