கையிழந்த தாயின் கதை

காவேரிப்பாக்கத்தை வரலாற்று நூல்கள் இரண்டு செய்திகளுக்காக நினைவில் வைத்திருக்கின்றன. ஒன்று, பல்லவர் காலத்தது எனச் சொல்லப்படும் அதன் பேரேரி. மற்றொன்று, 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிபின் மகனான ராஜா சாகிபின் படையை இவ்வூரருகே முறியடித்த போர். எங்கள் பாட்டிக்கு இவற்றுள் ஏரி மட்டுமே தெரியும். கிளைவை அவர் அறியார். அவர் அறிந்த அரசகுமாரன் பிலேந்திரன். அவர் அறிந்த அரசகுமாரி ஞானசவுந்தரி.

இக்கதையைச் சொல்லத் தொடங்குமுன் பாட்டி தம் இரு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார். கதை முடியும்வரை வெளியே எடுக்கமாட்டார். ஏரிக்கரை ஊரில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. அவர்மேல் அமரும் கொசுவைப் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள்தாம் விரட்டவேண்டும்.

கதை இதுதான். தாயை இழந்த அரசகுமாரி ஞானசவுந்தரி தேவமாதாவிடம் மாறாத பக்தி கொண்டவள். சிற்றன்னை அவளைக் காட்டில் கொன்றுவிடும்படி ஆட்களை ஏவுகிறாள். வந்தவர்கள் மனமிரங்கி, உயிரை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வெட்டிக்கொண்டு போகிறார்கள். காட்டில் அவளைக் கண்ட பிலேந்திரன் மணந்துகொள்கிறான். கணவன் போருக்குச் சென்ற காலத்தில் அவளுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்த நற்செய்தியைச் சுமந்த கடிதம் வழியில் மாற்றப்படுகிறது. மறுமொழியும் பொய்க் கடிதமாகவே வந்து சேர்கிறது. இரண்டு பச்சிளங் குழந்தைகளோடு அவள் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். மாதாவின் அருளால் அவள் கைகளைப் பெறுகிறாள். பின்னர்க் கணவனையும் அடைகிறாள். பாட்டி சொன்ன வடிவில், கைகள் திரும்பியது குழந்தைகளோடு காட்டில் இருந்தபோதுதான்.

இலக்கிய உலகில் ‘மாய யதார்த்தம்’ என்னும் சொல் இன்று பெரிதும் பேசப்படுகிறது. ஜெர்மானியக் கலை விமரிசகர் ஃபிரான்ஸ் ரோ 1925ஆம் ஆண்டில் ஓவியத்தைக் குறித்து வழங்கிய சொல் அது. 1949இல் கியூப நாட்டு எழுத்தாளர் அலெஹோ கார்ப்பெந்தியெர் ஹெய்ட்டித் தீவின் அடிமைகளைப் பற்றி ஒரு நாவல் எழுதி, அதன் முன்னுரையில் இதையொத்த வேறொரு கருத்தை முன்வைத்தார். அற்புதம் என்பது எழுத்தாளன் கைச்சரக்கன்று. அதை உணர்வதற்கு முதலில் நம்பிக்கை வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்நாவலில் வரும் மக்கந்தால் என்னும் அடிமை கரும்பாலையில் சிக்கிக் கையை இழந்தவன். அவனைத் தீயிலிட்டுக் கொல்லும்போது, அவன் பறந்து தப்பினான் என்று அடிமைகள் கண்டார்கள். எரிந்து மாண்டான் என்று எசமானர்கள் கண்டார்கள். இருசாராரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியைத்தான். 1967இல் வெளியான மார்க்வெஸின் புகழ்பெற்ற நாவலில் ஒரு பெண் விரிப்புகளோடு வானில் ஏறிப் போகிறாள். வீட்டுக்காரியின் கவலையோ, போன விரிப்புகள் திரும்பவேண்டுமே என்பது. அற்புதத்தின் நடுவே வீட்டுக் கணக்கு மறக்கப்படாமல் இருப்பதே இவ்வகை எழுத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

பாட்டியின் கதையிலும் அந்தக் கணக்கு இருந்தது. மாதா எப்படித் தோன்றினார் என்று நாங்கள் கேட்டதில்லை. கையில்லாதவள் இரண்டு பிள்ளைகளையும் எப்படித் தூக்கினாள் என்றுதான் கேட்போம். சேலையைத் தூளிபோல் தோளில் போட்டு, பல்லால் இழுத்து முடிச்சிட்டாள் என்பார் பாட்டி. பசித்தபோது பால் கொடுக்கக் குனிந்தாள் என்பார். இதைச் சொல்கையில் அவர் குரல் தாழும். எட்டுப் பிள்ளை பெற்றவர் அவர்.

இக்கதை நம் மண்ணில் முளைத்ததன்று. இடைக்கால ஐரோப்பாவில் இதன் வடிவங்கள் பலவாகப் பரவியிருந்தன. 13ஆம் நூற்றாண்டில் பிலிப் த ரெமி பாடிய பிரெஞ்சுக் காவியம் ஒன்றில், ஹங்கேரி நாட்டு அரசன் தன் மகளையே மணக்கத் துணிகிறான். அவள் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறாள். கையற்றவள் அரசியாக முடியாதல்லவா? வெட்டுண்ட கையை ஒரு பெரிய மீன் விழுங்கி, பல்லாண்டு காத்து, உரோமை நகரில் ஒப்படைக்கிறது. திருத்தந்தை அதை அவள் உடலோடு பொருத்துகிறார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பொற்கொல்லர் சங்கத்தார் ஆண்டுதோறும் நடித்த தேவமாதா அற்புத நாடகங்களுள் இதே அரசகுமாரியின் நாடகமும் ஒன்று. கையால் பிழைக்கும் தொழிலாளர் நடித்த நாடகம் என்பது கருதத்தக்கது. 1812இல் கிரிம் சகோதரர் வெளியிட்ட கதைத் தொகுப்பில் அவள் ஓர் ஆலைக்காரன் மகள். சாத்தானோடு செய்த பேரத்தால் தந்தையே அவள் கைகளை வெட்டுகிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேலைநாட்டு வடிவங்கள் பலவற்றில் குற்றவாளி தந்தை. தமிழில் அந்தப் பழி சிற்றன்னையின் தலையில் ஏற்றப்பட்டுவிட்டது. அரசர் நல்லவராகவே இருக்கிறார், ஏமாந்தவர், அவ்வளவே. குடும்பத்தோடு இருந்து பார்க்கும் நாடகத்தில் தந்தையைக் கொடியவனாகக் காட்ட நம்மவர்க்கு மனம் வரவில்லை போலும். மனம் வராததால் உண்மையின் ஒரு பகுதி கதையிலிருந்து நழுவிப் போனது.

அரபுக் கதைகளான ‘ஆயிரத்தோர் இரவு’களிலும் இப்பெண் இருக்கிறாள். தருமம் செய்யலாகாது என்று அரசன் ஆணையிட்ட நாட்டில், இரந்து வந்தவனுக்கு இரண்டு ரொட்டி கொடுத்ததற்காக அவள் கைகள் வெட்டப்படுகின்றன. பின்பு அந்த அரசனே அவளை மணக்கிறான். பொறாமையால் பழி சுமத்தப்பட்டுக் குழந்தையோடு துரத்தப்படுகிறாள். தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது குழந்தை நீரில் விழுந்துவிடுகிறது. வழியில் வந்த இருவர் இறைவனை வேண்ட, குழந்தையும் கைகளும் திரும்பக் கிடைக்கின்றன. வந்தவர்கள் யார் தெரியுமா? அவள் கொடுத்த இரண்டு ரொட்டிகள்! வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிலை நம்பி இசுலாமியரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் வட்டாரத்தில், இக்கதை எந்த வீட்டுக்கும் அந்நியமன்று.

தமிழில் இது அம்மானையாகப் பாடப்பட்டது, நாடகமாக ஆடப்பட்டது, யாழ்ப்பாணம், மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்துகளிலும் இடம்பெற்றது. முருக பக்தரான தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய நாடகங்களின் வரிசையில் ஞானசவுந்தரியும் உண்டு. வள்ளியும் பவளக்கொடியும் ஏறிய மேடையில் இவளும் ஏறினாள். 1948இல் சிட்டாடல் நிறுவனத்தார் இதைத் திரைப்படமாக்கினர். ஜோசப் தளியத் தயாரிப்பு, எஃப். நாகூர் இயக்கம், எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்தனர். ‘மீரா’ படத்தின் இசைப்பணியில் பெயர் பெற்ற எஸ்.வி. வெங்கட்ராமன் இசையமைத்தார். தேவமாதாவை நோக்கிய ஒரு பாடலைச் சிறுமி ஞானசவுந்தரிக்காக ஜிக்கி தொடங்க, அவள் வளர்ந்து மங்கையானதும் பி.ஏ. பெரியநாயகி தொடர்ந்து பாடுவார். அப்பாடல் தேவாலயங்களுக்கு வெளியேயும் எத்தனையோ இல்லங்களில் ஒலித்தது. அதே ஆண்டில் ஜெமினி எஸ்.எஸ். வாசனும் இக்கதையைப் படமாக்கி வெளியிட்டார். முந்திய படத்தின் முன் அது நிற்கவில்லை.

இனி, இக்கதைமீது சொல்லப்படும் குறை ஒன்றுண்டு. பெண்ணைப் பொறுத்துக்கொள், அழு, மன்றாடு, அற்புதம் வரும் என்று இது கற்பிக்கிறது என்பார்கள். இக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. கணவன் வந்து சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதுபோலத் திரை விழுவது எனக்கும் உடன்பாடன்று. ஆயினும் கதையின் நடுவே இருக்கும் கடிதத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. இந்தத் தாய் தன் செய்தியைத் தானே எழுத இயலாதவள். அவளைப் பற்றிப் பிறர் எழுதுகிறார்கள், பிறர் கொண்டுபோகிறார்கள், பிறர் மாற்றுகிறார்கள், பிறர் படித்து நம்புகிறார்கள். அவள் பெற்ற பிள்ளைகளைப் பற்றிய உண்மை அவளைத் தவிர எல்லார் கைகளிலும் இருக்கிறது. கை வெட்டியது முதல் கொடுமை. கடிதம் அதனினும் பெரிது. அரண்மனையில் அவள் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மனைவி, மற்றவர்க்கெல்லாம் இரக்கத்துக்குரிய ஊனமுற்றவள். காட்டில் மட்டுமே அவள் தானாக இருக்கிறாள். அங்கே அவளைப் பற்றி எழுத எவருமில்லை. அவள் செபம் அங்கே மாறுவதையும் பாட்டியின் கதையில் கேட்டிருக்கிறேன்: முதலில் ‘என் கைகளைத் தாரும்’ என்பாள், பிறகு ‘இவர்களைத் தூக்க ஒரு வழி சொல்லும்’ என்பாள்.

அப்படம் வெளிவந்த காலத்தை ஒட்டியே, நம் வேலூரில் கைகளைப் பற்றிய வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. கொல்லிமலையில் வளர்ந்தவரும் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவருமான அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை மீட்க முடியுமா என்று ஆராய்ந்தார். நரம்பு செத்து விரல் மடங்கினாலும் முன்கையில் நல்ல தசைகள் எஞ்சியிருக்கும். அத்தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால், பயிற்சிக்குப் பின் விரல்கள் மீண்டும் நிமிரும். வாரக்கணக்கில் மாவுக்கட்டு, மாதக்கணக்கில் பயிற்சி. அற்புதம் இங்கே மெதுவாக வந்தது. வந்தபின் ஒரு சிக்கலும் எழுந்தது. மடங்கிய கையை நீட்டிப் பிச்சை பெற்றவர்கள், கை நிமிர்ந்ததும் பிச்சை கிடைக்காமல் தவித்தார்கள். தொழுநோயாளி என்பதால் வேலை தருவாருமில்லை. கை வந்தால் போதாது என்று கண்ட பிராண்ட், அவர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில் பழக ஒரு குடியிருப்பை அமைத்தார். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இப்பணியின் களமாயிற்று.

அவருடைய தாய் எவ்லினின் வாழ்க்கையே ஒரு நாவலுக்குரியது. 1929இல் கொல்லிமலையில் கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். முதுமையைக் காட்டி அவருடைய சபை மீண்டும் அனுப்பத் தயங்கியபோது, ஓய்வு பெற்றுக்கொண்டு தாமாகவே மலைக்குத் திரும்பினார். மூங்கிற் கழிகளை ஊன்றி மலையூர்களில் நடந்து, 95ஆம் வயதில், 1974இல் மறைந்தார். விதவையான பின்புதான், அதுவும் சபையின் சம்பளம் நின்ற பின்புதான், தாம் யார் என்பதை அவர் முழுதும் கண்டுகொண்டார் என்று தோன்றுகிறது.

ஆனால், அற்புதமும் வராமல் மருத்துவரும் வராமல் காலங்கழிக்கும் தாய்மார்கள் உண்டு. 1994இல் வெளியான இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் ஆரோக்கியம் அப்படிப்பட்டவள். கத்தோலிக்க நம்பிக்கையுடையவள், ஊராரால் தாழ்த்தப்பட்டோரின் துணிகளை வெளுத்து, அவர்களிடமிருந்து பெறும் தானியத்தில் பிள்ளைகளை வளர்ப்பவள். அவள் கைகள் வெட்டப்படவில்லை. வெளுத்து வெளுத்தே தேய்கின்றன. ஞானசவுந்தரி அழைத்த அதே விண்ணை அவளும் அழைக்கிறாள். நாவலாசிரியர் அவளுக்காக எந்த அற்புதத்தையும் இறக்கித் தரவில்லை. அதனால் அவள் நம்பிக்கை சிறிதாகிவிட்டது என்றும் அந்நாவலைப் படித்தவர் சொல்லமாட்டார். ஞானசவுந்தரியைத் தேவாலய மேடையில் வணங்கிய நம்மில் எத்தனைபேர் ஆரோக்கியத்தை ஒருமுறையேனும் படித்திருக்கிறோம்?

பாட்டிக்கு எழுத்து தெரியாது. வெளியூரிலிருந்த மகனுக்கு அவர் சொல்லச் சொல்ல நாங்கள்தாம் கடிதம் எழுதுவோம். எழுதி முடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டச் சொல்வார். சில சமயம் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து மூன்றாம் முறையும் படிக்கக் கேட்பார். எங்கள்மேல் நம்பிக்கையில்லையா என்று கோபித்துக்கொண்டிருக்கிறோம். ‘எழுதுனது ஒண்ணு, போய்ச் சேர்றது ஒண்ணு ஆயிடக்கூடாது, கண்ணு’ என்பார். பிறகு கடிதத்தை வாங்கி, எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தம் கையாலேயே பசை தடவி ஒட்டுவார்.