கணக்கு

சித்திரை பிறந்தால் நம் வீடுகளிலும் கடைகளிலும் நிகழும் காரியங்கள் பல. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும் உண்டு. ஆனால் கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்ப்பதற்கும், வரும் ஆண்டில் இன்னது செய்வோம் என்று வகுத்துக்கொள்வதற்கும் தமிழ் மக்கள் நெடுங்காலமாக ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காரியம் பார்த்து வந்திருக்கிறார்கள் என்பது சற்று நின்று நோக்கத்தக்க விஷயமாகும். நடந்து முடிந்ததைக் கணக்குப் பார்க்கிறோம். நடக்கவேண்டியதைக் கணக்குப் போடுகிறோம். முன்னதற்கு நினைவு வேண்டும், பின்னதற்கு நம்பிக்கை வேண்டும். மனத்தின் இவ்விரண்டு வியாபாரங்களையும் ஒரே சொல் தாங்கி நிற்பானேன் என்று ஆராயப் புகுந்தபோது, அச்சொல்லின் சரித்திரமே ஆண்டுதோறும் நாம் செய்யவேண்டிய ஆத்ம பரிசோதனைக்கு ஒரு முறையை வகுத்துத் தருவதைக் கண்டேன்.

பேச்சு வழக்கில் இச்சொல் ஆட்சிபுரியும் எல்லை மிகப் பரந்தது. பழம்பகை முடிந்தால் கணக்குத் தீர்ந்தது என்கிறோம். எதிர்பார்த்தது பிசகினால் அதைத் தப்புக் கணக்கு என்கிறோம். வேண்டிய வேளையில் வந்து நிற்பவனைக் கணக்காக வந்து சேர்ந்தான் என்று மெச்சுகிறோம். அளவிறந்த கூட்டத்தைக் கணக்கில்லாத கூட்டம் என்கிறோம். தென் மாவட்டங்களிலோ, 'பித்துப் பிடித்தவன் கணக்கா நிற்கிறான்' என்று அது உவம உருபாகவே மாறிவிட்டது. இத்தனை பிரயோகங்களுக்கும் அடியில் எண் ஒன்றே கிடக்கிறது என்று எண்ணுவது இயல்பு. எனினும் பழைய வழக்குகளைத் தேடிப் போகிறவனுக்கு அங்கே முதலில் எதிர்ப்படுவது எழுத்துதான்.

தமிழ் எழுத்துக்களின் வரிசைக்கு நெடுங்கணக்கு என்று பெயர். திருக்குறளும் நாலடியாரும் உள்ளிட்ட பதினெட்டு நூல்கள் கீழ்க்கணக்கு எனவும், பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் மேற்கணக்கு எனவும் வழங்கப்பெற்றன. எழுத்தறிவித்த ஆசானுக்குக் கணக்காயன் என்று பெயர். சங்கப் புலவருள் தலைசிறந்த நக்கீரர் மதுரைக் கணக்காயனார் மகனார் என்றே குறிக்கப்பெறுகிறார். மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் தத்தம் மதத்தின் தத்துவங்களை எடுத்துரைக்கும் அறிஞர்களுக்குச் சமயக்கணக்கர் என்று பெயர். இவ்விடங்களிலெல்லாம் கணக்கு என்பது கூட்டலையும் கழித்தலையும் குறியாமல், வரிசைப்படுத்தி எழுதப்பட்ட அறிவையும் அதனைத் தாங்கிய நூலையுமே குறித்து நிற்கிறது. சொல்லின் வேரைப் பற்றிய வாதம் வேறு. வடமொழியின் கணக என்பதோடு இதனைச் சார்த்துவாரும் உண்டு, கணி என்னும் அடியோடு இணைத்து, காலத்தைக் கணித்துச் சொன்ன கணியனுக்கு இதனை உறவாக்குவாரும் உண்டு. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் வென்றாலும், வழக்கிலிருந்து தெரியவரும் செய்தி ஒன்று அசையாமல் நிற்கிறது. எழுதாமல் உள்ளத்திலேயே போடுகிற கணக்கை நாம் வெறுமனே கணக்கு என்று சொல்வதில்லை. மனக்கணக்கு என்று அடைகொடுத்துச் சொல்கிறோம். அடை பெறாத கணக்கு எழுதப்பட்ட கணக்கே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எழுதிய கணக்கை இன்னொருவர் முன் வைத்தாக வேண்டும் என்ற நியதியும் இந்நாட்டில் மிகப் பழமையானது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில், முதற் பராந்தக சோழனின் காலத்தில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு சாசனங்கள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவற்றை எடுத்துக்காட்டுவார்கள். குடத்தில் ஓலையிட்டு வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை வியப்பார்கள். எனக்கோ அந்தத் தேர்தலைக் காட்டிலும், தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அவர்களைக் கட்டுப்படுத்திய விதிகளே பெருமை மிக்கனவாகத் தோன்றுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற அக்குழுக்களின் ஆயுள் 360 நாள். அதாவது ஓர் ஆண்டு. ஆண்டு நிறைந்ததும் பதவியை விட்டு இறங்க வேண்டும். ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி ஓலைக்கு உரியவனாக மாட்டான். அவன் மட்டுமா, அவனுடைய தாய்வழி தந்தைவழி உறவினர் பலரும் உரிமை இழப்பார்கள் என்று அந்த உறவுமுறைகளையும் ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சாசனங்களில் ஊர்க் கணக்கு எழுதுகிறவனுக்கு விதித்த விதி ஒன்றை நான் எத்தனை தரம் படித்தாலும் அதன் நேர்மை மனத்தைத் தைக்கிறது. நேர்வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுத வேண்டும். எழுதிய காலத்துக்குரிய கணக்கைப் பெருமக்கள் முன் ஒப்புவித்து, சுத்தன் என்று அவர்கள் சொன்ன பிறகன்றி அவன் திரும்பவும் அந்த வேலைக்கு வரலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், அதனை முடித்துக் கொடுப்பதற்கு வேறொரு கணக்கன் இடையில் புகக்கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சதுர்வேதிமங்கலத்துச் சபையார் ஊர்ப் பணத்தைக் காப்பதற்கு இயற்றிய இந்த விதி, ஒரு மனிதன் தன் ஆண்டைத் தானே நோக்கும் காரியத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது! நம்முடைய ஆண்டு எப்படிப் போயிற்று என்று சுற்றத்தார் சொல்லும் தீர்ப்பு வேறொருவர் எழுதிய கணக்கு. அடுத்த வீட்டாரின் ஆண்டோடு ஒப்பிட்டு நாம் அடையும் மகிழ்ச்சியும் துயரமும் அத்தகையனவே. நாம் எழுதியதை நாமே முடித்தாக வேண்டும்.

பிற்காலத்தில் இக்காரியம் அரசாங்க முத்திரை பெற்றது. கரணம் என்ற சொல்லின் வழிவந்த கர்ணம் என்றும், கணக்குப்பிள்ளை என்றும் பெயர் பெற்ற கிராமக் கணக்கர், வயலின் பயிரை அடங்கலில் ஏற்றி, நிலத்தின் உரிமையைச் சிட்டாவில் எழுதி, பரம்பரையாக அந்த உத்தியோகத்தைப் பார்த்து வந்தார்; 1980-இல் தமிழ்நாட்டில் ஓர் அவசரச் சட்டத்தால் அந்தப் பரம்பரைப் பதவி முடிவுக்கு வந்தது. அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பசலி என்னும் வருவாய்த்துறை ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் கடைசியில் முடிகிறது. அது முடிவதற்குள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி கூடும். ஒவ்வொரு கிராமத்தின் கணக்கும் மேலதிகாரியின் முன் விரிக்கப்பட்டுச் சரிபார்க்கப்படும். கஜானாவின் ஆண்டோ 1867 முதல் ஏப்ரல் முதல் தேதியில் பிறக்கிறது. சித்திரையும் பசலியும் ஏப்ரலும் ஆகிய மூன்று வாசல்களில் எதனூடே புதிய ஆண்டுக்குள் நுழைந்தாலும், வாசற்படியில் பழைய கணக்கைக் கேட்பது மாத்திரம் மாறவில்லை.

வணிகர் வீட்டுக் கணக்கு இவற்றைவிட அழகியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வைத்திருந்த கடைகளில் முகவர்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணையில் பணியாற்றி, கணக்கை ஒப்புவித்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள். அவர்கள் கைக்கொண்ட முறையின் இரு தூண்கள் சிட்டையும் பேரேடும். அன்றன்று நடந்தது நடந்த வரிசையில் சிட்டையில் விழும். காலையில் ஒருவர் கொடுத்த பணமும், உச்சியில் வாங்கிய எண்ணெயும், மாலையில் கோயிலுக்கு எழுதிய மகமையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, உறவின்றிக் கிடக்கும். பேரேட்டில் அவையே ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரிந்து, ஒவ்வொரு பெயரின் கீழும் ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு என்று ஏறும். ஆண்டு முடிவில் பேரேட்டின் தொகைகளைத் திரட்டி ஐந்தொகை போடுவார்கள். இருப்புநிலைக் குறிப்பு என்று தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்று சொல்வதற்கு இலங்கைப் பாடநூல்கள் இந்த ஐந்தொகை என்னும் சொல்லையே நெடுநாள் பேணி வந்தன. அதற்காக அந்நாட்டுத் தமிழாசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

புதுக்கணக்குப் போடும் நாளில் அந்தப் பேரேட்டை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்புத் துணி கட்டிய நீண்ட புத்தகம். நான்கு மூலையிலும் மஞ்சள். முதற்பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி, அதன் கீழே லாபம் என்ற சொல். மங்கலப் பொருளாக வாங்கிய மஞ்சளும் கற்கண்டும் முதற் செலவாக ஏறும். யாழ்ப்பாணத்தில் அதே சித்திரை முதல் நாளில் பெரியவர் கையால் கைவிசேஷம் பெற்று வரவை முதலில் தொடங்குவார்கள். இந்த மங்கலங்கள் எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைத் தாளில் புதிய வியாபாரம் எதுவும் எழுதுவதற்கு முன், பழைய பேரேட்டிலிருந்து ஒவ்வொரு பெயரின் நிலுவையும் அப்படியே கொண்டுவந்து ஏற்றப்படுகிறது. புதுக்கணக்கின் அஸ்திவாரம் பழைய நிலுவை. அதை விட்டுவிட்டுத் தொடங்கும் புத்தகம் அழகாக இருக்கலாம், கணக்கு ஆகாது.

ஆண்டைத் திரும்பிப் பார்க்கும் முயற்சி பலருக்கு ஏன் சோர்வில் முடிகிறது என்பதற்கும் காரணம் இங்கே விளங்குகிறது. நாம் ஆண்டைச் சிட்டையாக நினைவுகூர்கிறோம். தையில் ஒரு கல்யாணம், பங்குனியில் ஒரு காய்ச்சல், ஆவணியில் ஒரு சண்டை, ஐப்பசியில் ஒரு பிரயாணம் என்று வரிசையாக நினைத்து வந்தால், கடைசியில் வந்ததே பெரிதாகத் தோன்றும். ஓசையில்லாமல் நடந்த நன்மைகள் கண்ணுக்குப் படமாட்டா. அதையே பேரேடாக்கிப் பாருங்கள். தாயாருக்கு ஒரு பக்கம், உடம்புக்கு ஒரு பக்கம், படிப்புக்கு ஒரு பக்கம், தொழிலுக்கு ஒரு பக்கம், சினேகிதர் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கமேனும் ஒதுக்கி, அவரிடம் பெற்றது எது, அவருக்குக் கொடுத்தது எது என்று எழுதினால், ஆண்டின் முகமே வேறாகிவிடும். என் பேரேட்டில் ஒரு நண்பரின் பக்கத்தை எழுதும்போது, மழைக்காலத்து இரவுகளில் அவர் வந்து உட்கார்ந்து என் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகக் கேட்டுத் திருத்தம் சொன்னது மாத்திரமே ஒரு பக்கத்தை நிரப்பியது. சிட்டையாக நினைத்தபோது அந்த இரவுகள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

எழுதிய கணக்கை ஒப்புவிக்கும் நாளாகத் தமிழ் நாட்டுப் பெண்கள் தெய்வத்தின் முன்னிலையில் ஒரு நாளைப் போற்றி வந்திருக்கிறார்கள். சித்திரா பௌர்ணமி யமதருமனின் கணக்கரான சித்திரகுப்தருக்கு உரியது. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் உண்டு; வலக்கையில் எழுத்தாணியும் இடக்கையில் ஏடுமாக வீற்றிருக்கிறார். தென்மாவட்டங்களில் அன்று சித்திரபுத்திர நாயனார் கதையைப் படிக்கக் கேட்டு, உப்பில்லா விரதம் இருந்து, ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துப் படைப்பார்கள். மலையளவு பாவத்தைக் கடுகளவாகவும், கடுகளவு புண்ணியத்தை மலையளவாகவும் எழுதிக்கொள் என்று வேண்டுவது வழக்கம். பொய்க்கணக்கு எழுதச் சொல்லும் வேண்டுதல் என்று இதனைக் குறைகூறுவோரை நான் கேட்டிருக்கிறேன். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. தன் பாவம் மலையளவு, தன் புண்ணியம் கடுகளவு என்று தன் வாயால் முதலில் சொல்லிவிட்டல்லவா அவள் கருணையை யாசிக்கிறாள்? உண்மைக் கணக்கை அவள் ஒப்புவித்தாயிற்று. அதற்குப் பிறகு கேட்பது தள்ளுபடி. நிலுவை தாங்கமாட்டாத குடியானவன் ஜமாபந்தியில் கேட்டதும் அதுவே.

இனிக் கணக்குப் போடுதல். வருஷப் பிறப்பன்று சங்கல்பங்களை அடுக்குகிறவர்கள் வெறுந்தாளில் தொடங்குவதால்தான் அவை பெரும்பாலும் வைகாசிக்குள் வாடிப்போகின்றன என்பது என் துணிபு. நிலுவையிலிருந்து தொடங்கினால் குறிக்கோள் தானாகவே பிறக்கும். உடம்பின் பக்கத்தில் பற்று மிகுந்திருந்தால் அடுத்த ஆண்டின் முதல் வேலை நடைப்பயிற்சியா உறக்கமா என்பது அங்கேயே எழுதியிருக்கும். சென்ற ஆண்டு பாதியில் நின்ற நூல் இந்த ஆண்டின் முதல் நூலாகும். பதில் எழுதப்படாத கடிதம் முதல் கடிதமாகும். புதிய ஆசைகளுக்கும் இடம் உண்டு. அவை நிலுவைகள் ஏறிய பிறகு, கைமுதல் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்கு அடங்கிய அளவில் ஏறவேண்டும்.

உத்தரமேரூர்ச் சபையார் ஓர் ஆண்டு வரையறை வைத்தார்கள் என்றாலும், நம்மைப் போன்றவர்களுக்கு 360 நாள் நீண்ட தவணை. ஆகையால் நான் என் பேரேட்டை இடையிலே மூன்று முறை கட்டிப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டிருக்கிறேன்: ஆற்றில் புதுப்புனல் வரும் ஆடிப்பெருக்கில் ஒரு முறை, ஏடுகளையும் கருவிகளையும் பூஜையில் வைத்தெடுக்கும் விஜயதசமியில் ஒரு முறை, களம் காலியாகும் தையில் ஒரு முறை. இந்த ஆண்டு என் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஏறியிருப்பவை இரண்டு: மேற்சொன்ன நண்பரின் மகனுக்கு மணிமேகலையை முதற்காதையிலிருந்து பாடம் சொல்லித் தருவதும், ஊரில் என் தகப்பனாரின் பழைய சிட்டைகளைத் தூசி தட்டி, கரையான் அரிக்காத பக்கங்களையேனும் படியெடுத்து வைப்பதும். முன்னது ஆடிக்குள் பத்துக் காதைகளைத் தாண்டிவிட வேண்டும். பின்னதற்குத் தை வரையில் தவணை.