பாகம் பிரிந்தாலும் வாய்க்கால் பொது

தஞ்சைத் தரணியில் அண்ணன் தம்பியர் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும்போது எழுதும் பாகப்பத்திரங்களை நாம் அறிவோம். இன்ன வயல் இன்னாருக்கு, இன்ன வரப்பு எல்லை, இன்ன தென்னைமரம் யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வரும் பத்திரம், ஓரிடத்தில் தயங்கி நிற்கும். வாய்க்கால் தண்ணீரும் வண்டிப்பாதையும் இருவருக்கும் பொது என்று அங்கே எழுதுவார்கள். மேல்வயல்காரர் மடையை அடைத்துவிட்டால் கீழ்வயல்காரரின் பாகம் வெறும் காகிதமாகிவிடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பிரிவது ஒருநாள் வேலை. பிரிந்தபின் உறவைக் காப்பதோ ஆயுள் முழுவதற்குமான கடமை. நம் மாவட்டங்களின் வரலாறும் இதையே நமக்கு உணர்த்துகிறது.

1799ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அன்று உருவான தஞ்சை மாவட்டத்திற்கு 1845 வரை நாகப்பட்டினமே தலைநகராய் விளங்கியது. பின்னரே ஆட்சிப்பீடம் வேறிடம் சென்று, இறுதியில் தஞ்சையில் நிலைபெற்றது. ஆக, நாகை தஞ்சையின் கடைக்கோடி என்று எண்ணுவோர், ஒருகாலத்தில் அதுவே தலைவாசலாய் இருந்ததை மறந்துவிடலாகாது.

விடுதலைக்குப் பின் மக்கள் பெருகினர், அலுவல்களும் பெருகின. வேதாரணியத்து உழவர் ஒருவர் ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தது. எனவே 1991 அக்டோபர் 18 அன்று நாகப்பட்டினம் தனி மாவட்டமாயிற்று. 1997 சனவரி 1 அன்று, நாகை மாவட்டத்தின் பகுதிகளோடு தஞ்சையின் வலங்கைமான் வட்டமும் சேர்ந்து திருவாரூர் மாவட்டம் பிறந்தது. 2020 டிசம்பர் 28 அன்று மயிலாடுதுறை மாவட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு தாயின் மக்கள் நால்வராயினர். எல்லை குறித்து எவரும் ஆயுதம் ஏந்தவில்லை. கோப்புகள் பிரிந்தன, கட்டடங்கள் எழுந்தன, அதிகாரிகள் வந்தனர்.

ஆனால் ஆற்றை எவரால் பிரிக்க இயலும்? மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனக் கிளைத்துச் செல்கிறது. வெண்ணாறும் அதன் கிளைகளும் தஞ்சை வயல்களைக் கடந்து, திருவாரூரை நனைத்து, நாகையின் கடைமடையில் முடிகின்றன. நீர் குறையும் ஆண்டுகளில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவது வழக்கம். வழக்கமாக ஜூன் 12இல் திறக்கவேண்டிய மேட்டூர் அணை 2016ஆம் ஆண்டில் செப்டம்பரில்தான் திறக்கப்பட்டது. பின்னர் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. அத்தகைய ஆண்டில் முதலில் வாடுவது கடைமடைப் பயிரே. மாவட்ட எல்லைக் கல்லை நீர் அறியாது. ஆனால் மதகைத் திறக்கும் மனிதர் அறிவார். ‘அது வேறு மாவட்டம்’ என்னும் சொல் அவர் உள்ளத்தில் புகுமானால், அமைதியாய் நடந்த பிரிவினையும் அநீதியாய் முடியும்.

பிரிந்தோர் உறவைப் பற்றி எண்ணுகையில் ஐரோப்பாவின் செக் மக்களும் சுலோவாக் மக்களும் நினைவுக்கு வருகின்றனர். இருவரும் 863இல் மொராவியா நாட்டிற்கு வந்த புனித சிரில், புனித மெத்தோடியுஸ் ஆகியோரைத் தம் விசுவாசத் தந்தையராகப் போற்றுவோர். 1993 சனவரி 1 அன்று, துப்பாக்கிச் சத்தமின்றி, இரு நாடுகளாயினர். பொதுச் சொத்தை மக்கள்தொகையை ஒட்டி, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டனர். 2004இல் இருவரும் ஒரே நாளில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தனர். 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நீங்கிற்று. ஆயினும் 2024 மார்ச்சில், உக்ரைன் போர் குறித்த கருத்து வேறுபாட்டால், இரு அரசுகளின் கூட்டு ஆலோசனைகளைச் செக் அரசு நிறுத்தி வைத்தது. நல்ல பிரிவினையும் தானாகவே நல்லுறவாய் நிலைப்பதில்லை. அதை நாளும் நீர் விட்டு வளர்க்க வேண்டும்.

தொடக்கநூலின் 13ஆம் அதிகாரத்தில் ஆபிராமும் லோத்தும் பிரிகின்றனர். மூத்தவராகிய ஆபிராம் முதலில் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுக்கிறார். லோத்து நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைத் தேர்ந்துகொள்கிறார். பலர் கதையை இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அடுத்த அதிகாரத்தையும் நாம் வாசிக்க வேண்டும். லோத்து சிறைப்பட்டார் என்று கேட்டதும், ஆபிராம் தம் ஆட்கள் 318 பேருடன் புறப்பட்டு அவரை மீட்டு வருகிறார். வளமான பாகத்தை எடுத்துக்கொண்டவர்தானே, படட்டும் என்று அவர் இருந்துவிடவில்லை. பிரிவின் மேன்மை 13ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. அதன் உண்மை 14ஆம் அதிகாரத்தில் சோதிக்கப்படுகிறது.

நமக்கும் அச்சோதனை வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகளும் மாண்டனர். அந்நாளில் உள்நாட்டு ஊர்களிலிருந்து சோறும் துணியும் கடற்கரைக்குச் சென்றன. எந்த மாவட்டம் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் பேரிடரில் சுரக்கும் அன்பு, வறண்ட ஆடியில் மடை திறக்கும் வேளையிலும் சுரக்கிறதா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

நம் தஞ்சை மறைமாவட்டமும் ஒரு பிரிவினையின் கனியே. 1952 நவம்பர் 13 அன்று மயிலை மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது அது. மாவட்டங்கள் பிரிந்தபின்னும் தஞ்சைப் பேராலயமும் வேளாங்கண்ணித் திருத்தலமும் ஒரே ஆயரின் மேய்ப்பில் உள்ளன. ஆகவே, மேல்மடையில் பயிர் செய்யும் விசுவாசியும் கடைமடையில் காத்திருக்கும் விசுவாசியும் ஒரே குடும்பத்தார். கிளைக் கிராமம் தனிப்பங்காகும்போதும், உடன்பிறந்தோர் சொத்தைப் பிரிக்கும்போதும் இதே நீதிதான் பொருந்தும். எல்லையை வகுத்துக்கொள்வோம்; ஆனால் கல்லறையையும் திருவிழாவையும் வாய்க்காலையும் பொதுவில் வைப்போம். நம் வயல் நிறைந்தபின் மடையைத் திறக்க மறவாத மனத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.