கோல்ஃப் மட்டையின் பிடி

கோல்ஃப் மட்டையின் பிடி என்பது, தண்டின் மேல்முனையில் ஏறக்குறைய 10½ அங்குல நீளத்துக்குப் பொருத்தப்பட்டு, ஆட்டக்காரரின் இரு கைகளும் மட்டையைத் தொடும் ஒரே இடமாக அமையும் உறையாகும். ரப்பராலோ ரப்பரைப் போன்ற செயற்கை வஸ்துக்களாலோ இக்காலத்தில் செய்யப்படும் இவ்வுறை சுமார் 50 கிராம் எடையே உள்ளது. ஆயினும் இதன் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ஸ்காட்லாந்தின் கடலோரப் புல்வெளிகளை மட்டும் பார்த்து எழுதினால் பாதிக் கதையையே சொன்னவராவர். மறுபாதி மலேசியாவின் ஜொகூர் மாநிலக் காடுகளிலும், அக்காடுகளைத் திருத்தி எழுப்பிய தோட்டங்களிலும் கிடக்கிறது. ஜொகூர் பாருவின் புறநகரான தம்போய், அவ்வட்டாரக் காடுகளில் காய்க்கும் ஒரு புளிப்பினிப்புப் பழமரத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. இன்று அங்கே இருப்பவை தொழிற்பேட்டையும் வீட்டு வரிசைகளும்; அடுத்துள்ள லார்க்கினில் ராயல் ஜொகூர் கன்ட்ரி கிளப்பின் கோல்ஃப் மைதானம்.

இக்கதை ஒரு கைப்பிடியிலேயே தொடங்குவது விசித்திரந்தான். 1820-களில் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமெரி, மலாய்த் தொழிலாளர் காடு வெட்டும் பாராங் கத்தியின் பிடி, மரமுமல்லாத கொம்புமல்லாத ஏதோவொரு வஸ்துவால் ஆகியிருப்பதைக் கண்டு விசாரித்து, அது வெந்நீரில் இட்டால் மாவைப் போல இளகிக் கையின் வடிவத்துக்கு வளைந்து, ஆறியதும் அவ்வடிவிலேயே இறுகிவிடும் ஒரு மரப்பால் என்று அறிந்துகொண்டார். கெட்டா பெர்ச்சா என்ற அப்பொருளின் மாதிரிகள் 1843-இல் லண்டனை அடைந்தன. அதற்குக் கிராக்கி ஏற்படவே, ஜொகூரின் ஆட்சித் தலைவரான தெமெங்கோங் இப்ராகிம் அவ்வியாபாரத்தைத் தம் வசமாக்கிக்கொண்டு பெருஞ்செல்வம் சேர்த்தார். அவருடைய குமாரர் அபு பக்கார் கட்டியெழுப்பிய நவீன ஜொகூருக்கு அப்பணமும் ஓர் அடித்தளம் என்பது மிகையாகாது. 1848-ஆம் ஆண்டளவில் அதே மரப்பால் ஸ்காட்லாந்தில் கோல்ஃப் பந்தாகவும் உருண்டு, அதுவரை இறகடைத்துத் தைத்துவந்த விலையுயர்ந்த தோல் பந்தை ஒழித்து, ஆட்டத்தைச் சாமானியருக்கும் எட்டும்படி செய்தது. மரத்தை வீழ்த்தியே பாலெடுத்தமையால் அம்மரம் காட்டில் அரிதாகிப்போயிற்று.

பந்து மாறியபோதும் மட்டையின் பிடி மாறவில்லை. மரத்தண்டின் மேல் கம்பளித் துணிப் பட்டையைச் சுற்றி, அதன்மேல் ஆட்டுத்தோலையோ கன்றுத்தோலையோ சரிவாகச் சுற்றி, இரு முனைகளையும் கீலேற்றிய நூலால் இறுகக் கட்டுவதே வழக்கம். அக்காலத்து ஜொகூர், ஆற்றங்கரைகளில் சீனக் குடியானவர் மிளகோடு சேர்த்துப் பயிரிட்ட கம்பீர் கொடிக்குப் பேர்போனது. நம்மவர் கத்தைக்காம்பு என்று வெற்றிலையோடு மெல்லும் அந்தச் சாற்றுக்கட்டியை, பிரிட்டனின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கப்பல் கப்பலாக வாங்கின. தோல் பிடியில் ஒரு குறை உண்டு. புதியதாக இருக்கையில் சற்றே ஒட்டும் தன்மையோடு கைக்கு இதமாயிருக்கும்; மழையிலும் வியர்வையிலும் நனைந்து உலர்ந்து வந்தாலோ, விறைத்து வழுக்கத் தொடங்கும். எண்ணெய் தடவிப் பேணுவாருக்கு மட்டுமே அது நெடுநாள் உழைக்கும்.

எஃகுத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924-இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ சங்கம் 1929-இலும் அனுமதித்தன. மரத்தைப் போல அடியின் அதிர்ச்சியை விழுங்காத எஃகு வந்தபின், அந்த வேலையும் பிடியின் தலையில் விழுந்தது. 1925-இல் சிகாகோவில் தொடங்கிய லாம்கின் நிறுவனம் தோல் பிடிகளையே செய்துவந்தது. தோலின் ஆட்சி மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது.

இதற்கிடையே ரப்பர் வந்துவிட்டிருந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளின் சந்ததியாக 22 நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன; அங்குத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். கெட்டா பெர்ச்சாவுக்கு நேர்ந்த கதி இதற்கு நேராதது அம்முறையால்தான். கங்காணிகள் வழியாகவும் பின்னர் வேறு வழிகளிலும் தமிழகத்திலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, இருளிலேயே பால்மரக் காட்டுக்குள் நுழைந்து, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்தன; வெயிலேறிவிட்டால் மரத்தினுள் அழுத்தம் தணிந்து பால் வடிவது குறையும் என்ற விஞ்ஞான உண்மையை அவர்கள் அனுபவத்தாலேயே அறிந்திருந்தனர். பாலில் மூன்றில் ஒரு பங்கே ரப்பர். ஒரு பிடியின் எடையில் பாதி ரப்பர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு வேண்டிய பால் சுமார் 75 மில்லிலிட்டர். நல்ல மரமொன்று ஒரே காலையில் மங்கில் வடிக்கும் பாலுக்குள் அது அடங்கிவிடும்.

அந்த ரப்பரைப் பிடியாக்கிப் பிரபலப்படுத்தியவர் தாமஸ் ஃபாவிக் (பிறப்பு 1889). அமெரிக்காவின் ஓஹையோவில், காற்றடைத்த ரப்பர்க் குழாயின் விரிவால் இயங்கும் கிளட்ச் ஒன்றை அமைத்து, இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பல்களுக்கு அளித்துப் பெயர்பெற்ற பொறியியலாளர் அவர். ரப்பர் எங்கே வளைய வேண்டும், எங்கே பற்ற வேண்டும் என்பதை அதிலேயே கற்றவர். 1949-இல் அவர் தொடங்கிய கோல்ஃப் பிரைட் நிறுவனம், முதலில் தண்டின்மீதே ரப்பரை வார்த்தது. 1950-களின் முற்பகுதியில், தனியே வார்த்துத் தண்டின்மேல் உறைபோல் இழுத்து மாட்டும் பிடியை வெளியிட்டது. என் கருத்தில் இத்துறையின் உண்மையான புரட்சி ரப்பரைப் பயன்படுத்தியதன்று, இந்த மாட்டும் முறையே. தோல் சுற்றுவதற்குத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். உறை மாட்டுவதற்கு ஒரு மேசையும் பத்து நிமிஷமும் போதும்.

பிடியை வடிவமைப்போரின் சங்கடம், நீடித்த உழைப்பும் நெகிழ்ச்சியும் ஒன்றுக்கொன்று பகையாயிருப்பதில் உள்ளது. இளகிய ரப்பர் அதிர்ச்சியைத் தாங்கும். ஆனால் விரைவில் தேயும், அடியின் வேகத்தில் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். கடினமான ரப்பர் ஆண்டுகள் உழைக்கும். கையிலோ கல்லைப் போலிருக்கும். இதைத் தீர்ப்பது கலவையின் பதமே. ரப்பருடன் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, கரிப்பொடி, இளக்கும் எண்ணெய், மூப்பைத் தடுக்கும் இரசாயனங்கள் ஆகியவற்றை உருளைகளிடையே பிசைந்து, நடுவே எஃகுக் கோலிட்ட அச்சில் அழுத்தி, 150 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் சில நிமிஷம் வேகவைக்கிறார்கள். கந்தகம் ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே பாலமிட்டுப் பிணைக்கிறது. பாலங்கள் மிகுந்தால் விறைப்பு, குறைந்தால் பிசுபிசுப்பு. பிடியின் மூடிப்பகுதி அடிக்கடி தரையில் மோதுவதால் அதற்கு வேறு கடினக் கலவை. வார்த்தபின் மேற்பரப்பைத் தேய்த்து, அச்சின் பளபளப்பை நீக்குகிறார்கள். பளபளப்பு கண்ணுக்கு அழகு, கைக்கு வழுக்கல்.

இயற்கை ரப்பருக்கு மூன்று சத்துருக்கள்: சூரிய ஒளி, காற்றிலுள்ள ஓசோன், மனிதக் கையின் எண்ணெய். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே, ஆண்டு முழுதும் புழுங்கும் ஜொகூர் பாருவில் இவற்றோடு வியர்வையும் சேர்கிறது. ஒன்பதாம் குழியை எட்டுமுன்னரே கையுறை நனைந்து, துண்டால் துடைத்துத் துடைத்து ஆடுவது இங்கே சகஜம். இத்தகைய சீதோஷ்ணத்துக்கென்றே அமைந்தது பருத்தி நூலை ரப்பரில் புதைத்து வார்த்த பிடி. நனைந்தாலும் நூல் பற்றும், மென்மையான கைகளை உராய்ந்து புண்ணாக்கவும் கூடும். வெயிலுக்கும் ஓசோனுக்கும் அஞ்சாத ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரைக் கலப்பது மற்றொரு வழி. பாலியூரிதேன் பட்டைகள் பஞ்சைப் போல மெத்தென்றிருந்து வியர்வையை உறிஞ்சுமாயினும் விரைவில் தேய்கின்றன.

ஆட்ட விதிகள் கற்பனைக்கு அதிக இடம் தருவதில்லை. பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் நீங்கலாக மற்ற மட்டைகளின் பிடி குறுக்குவெட்டில் வட்டமாயிருக்க வேண்டும். விரல்களுக்குப் பள்ளம் செதுக்கலாகாது. நீளவாக்கில் இலேசாக எழும்பிய ஒரே ஒரு வரம்புமட்டும் அனுமதிக்கப்படுகிறது. கை தானாகவே சரியான இடத்தில் அமர அது உதவும்.

மலேசியாவில் பால்மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம்விட்டன. ரப்பர் உற்பத்தியில் முதலிடம் தாய்லாந்துக்குப் போயிற்று, பிடித் தொழிற்சாலைகளும் கணிசமாக அங்கேயே அமைந்தன. அடிக்கடி ஆடுவோர் ஆண்டுக்கொரு முறை பிடியை மாற்றுவது நலம். மாற்றுபவர் நுனி வளைந்த கத்தியால் பழைய உறையை வாயிலிருந்து மூடிவரை ஒரே இழுப்பில் கீறிப் பட்டையைப் போல உரித்து, தண்டைத் துடைத்து, இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, அதை ஸ்பிரிட்டால் நனைத்து, புதிய பிடியை ஒரே மூச்சில் செருகுகிறார். ஸ்பிரிட் ஆவியாகும்வரை சில மணி நேரம் அம்மட்டையைத் தொடாமல் சுவரில் சாய்த்துவைக்க வேண்டும்.