மகிழ மரத்தடியில் மாட்டிக்கொண்டவர்

நம் ஊரில் ஒரு இசைக்காரரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் பத்தாவது வரியிலேயே ஊதுபத்தி வாசம் வந்துவிடும். கனவில் தெய்வம் வரும், ஆள் மகான் ஆகிவிடுவார், அதற்கப்புறம் யாரும் சிரிக்கக்கூடாது. இங்கிலாந்தில் இ. சி. பெண்ட்லி என்பவர் 1905இல் ஒரு குட்டிப் புத்தகம் போட்டார். பெரிய மனிதர் ஒருவரின் பெயரை முதல் வரியில் வைத்து, மீதி மூன்று வரியில் அவர் காலை வாரிவிடும் பாட்டுகள் அதில் இருந்தன. அந்த வகைக்கு 'கிளெரிஹ்யூ' என்று பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் ஒரு வாக்கேயக்காரரை வைத்து இப்படிச் சிரித்திருக்கிறார்களா என்று கேட்டால், சிரித்திருக்கிறார்கள். அதுவும் கோயிலுக்குள்ளேயே, திருவொற்றியூரில்.

ஆள் சுந்தரர். ஏழாம் திருமுறை முழுக்க அவருடையது. 100 பதிகம், 1,026 பாட்டு, எல்லாம் பண்ணோடு பாடியவை. சிவனை 'தோழர்' என்று உரிமை கொண்டாடியவர். அந்தத் தோழமை தொடங்கியதே சண்டையில்தான். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் ஓலையைக் காட்டி 'நீ என் அடிமை' என்று வழக்குப் போட, இவர் 'பைத்தியமா நீ?' என்று திட்டுகிறார். பிறகு அந்தத் திட்டையே முதல் சொல்லாக வைத்துப் பாடச் சொல்கிறார் கடவுள்.

இவர் பாட்டில் பக்தி இருக்கும் அளவுக்குப் பிழைப்பும் இருக்கிறது. நெல் கிடைத்தால், 'இதைத் தூக்கிப்போக ஆள் வேண்டுமே' என்று ஒரு பதிகம். திருப்புகலூரில் சக கவிஞர்களுக்குத் தொழில் ஆலோசனையே தருகிறார். கொடுக்காத கஞ்சனைப் பாரி என்று புகழ்ந்தாலும், நோஞ்சானைப் பீமன் என்று தூக்கி வைத்தாலும் கை நீட்டித் தரப்போவதில்லை, அதற்குப் பேசாமல் புகலூரைப் பாடுங்கள் என்கிறார். பாடிப் பிழைக்கிறவர்களின் நிலைமையை இவ்வளவு நக்கலாகச் சொன்ன பாட்டு தமிழில் அதிகம் இல்லை.

சரி, ஒற்றியூருக்கு வருவோம். திருவாரூரில் ஏற்கனவே மனைவி பரவை இருக்கிறாள். இங்கே வந்த இடத்தில் சங்கிலியைப் பார்க்கிறார். ஞாயிறு என்கிற ஊர்ப் பெண், கோயிலில் பூக்கட்டும் தொண்டு செய்பவள். சிவனிடம் போய், 'எனக்கு இவளைக் கட்டிவை' என்கிறார். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம் என்று நிபந்தனை வருகிறது.

இங்கேதான் சேக்கிழாரின் குறும்பு. சத்தியம் செய்யவும் வேண்டும், ஊர் ஊராகப் போகவும் வேண்டும். சுந்தரர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். 'நான் சந்நிதிக்கு வந்து சத்தியம் செய்யும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், வெளியே மகிழ மரத்தடியில் போய் இருந்துகொள்ளுங்கள்' என்று சிவனிடமே பேரம் பேசுகிறார். அவரும் சரி என்கிறார். சொல்லிவிட்டு நேராகச் சங்கிலியின் கனவுக்குப் போய், 'கோயிலுக்குள் வேண்டாம், மகிழடியில் சத்தியம் செய்யச் சொல்' என்று போட்டுக்கொடுத்துவிடுகிறார்! மறுநாள் தோழிப் பெண்கள், 'இதற்கெல்லாம் சாமி முன்னால் சத்தியம் எதற்கு, மரத்தடி போதுமே' என்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வேர்த்திருக்கும். வேறு வழியில்லை. மரத்தை மூன்று முறை சுற்றி வந்து சத்தியம் செய்கிறார்.

பிறகு வசந்தகாலம் வருகிறது, திருவாரூர் விழா ஞாபகம் வருகிறது, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன. அப்போதும் வாய் அடங்கவில்லை. மூன்று கண் வைத்திருக்கிற நீ என் கண்ணைப் பறிப்பதுதான் நியாயம் என்றால், ஊன்ற ஒரு கோலாவது கொடு என்று பாடுகிறார். திருவெண்பாக்கத்தில் கோல்தான் கிடைக்கிறது. 'கோயிலுக்குள் இருக்கிறீரா?' என்று கேட்டால், 'இருக்கிறோம், நீ போ' என்று பதில். காஞ்சியில் ஒரு கண் வருகிறது. திருவாரூரில் இன்னொன்றுக்காக, 'என்னை விற்றுக்கொள்ளலாம், நான் ஒற்றி இல்லை' என்று வழக்காடுகிறார். ஒற்றி என்றால் அடமானம். எந்த ஊரில் வாக்கை அடகு வைத்துவிட்டு வந்தார் என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் கூடுதலாகச் சிரிப்பு மூட்டும்.

இது புலவர்களுக்குள் மட்டும் ஓடிய ஜோக் இல்லை. சேக்கிழாருக்கு ஓரிரு தலைமுறை கழித்து, இரண்டாம் ராஜாதிராஜ சோழனின் 9ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இதே கோயிலில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று மகிழ மரத்தின் கீழ், ராஜராஜன் என்ற மண்டபத்தில், ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் வாசிக்க, ராஜா உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர்தான். மடத்துத் தலைவர் சதுரானன பண்டிதரும் உடன் இருந்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்காரர் கடவுளிடம் ஃபிராடு பண்ணப் போய் மாட்டிக்கொண்ட கதை, மாட்டிக்கொண்ட அதே மரத்தடியில், ராஜா முன்னிலையில் வாசிக்கப்படுகிறது. அவரை நாயன்மார் வரிசையிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. சிரிப்பும் மரியாதையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட காலம் அது.

இசை இந்த ஊரைவிட்டுப் போகவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தியாகராஜர் இங்கே வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவர் சீடர் வீணை குப்பையரின் மகனுக்குப் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். ஆனால் இவர்களைப் பற்றி நாம் சொல்லும் கதைகளில் யாரும் எங்கும் மாட்டிக்கொள்வதில்லை. நமக்குக் கிடைப்பது படம் மாட்டிய சுவர்தான், மனுஷர்கள் இல்லை. சுந்தரரோ ஆசைப்பட்டார், ஏமாற்றினார், அடிபட்டார், அடிபட்ட இடத்திலிருந்தே பாடினார். அதனால்தான் அந்தப் பதிகங்களை இன்றைக்குப் படித்தாலும் பக்கத்து வீட்டு ஆள் புலம்புவது மாதிரி இருக்கிறது.

ஆனால் இந்தச் சிரிப்பில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. திருவாரூரில் பரவை கதவைச் சாத்துகிறாள். சிவனே நடு ராத்திரியில் இரண்டு தடவை தூது நடந்து சமாதானம் செய்யவேண்டி வருகிறது. அவள் கோபத்துக்குக் கவிதையில் இடம் இருக்கிறது. சங்கிலிக்கு? 'என்னால் இவர் சத்தியம் செய்ய நேர்ந்ததே' என்று மகிழடியில் வருந்தினாள் என்கிறார் சேக்கிழார். சுந்தரர் எல்லை தாண்டியதும் கதை அவர் பின்னாலேயே போய்விடுகிறது. கண் போனவருக்குக் கண் திரும்ப வந்ததைப் பாடப் பதிகங்கள் இருக்கின்றன. ஒற்றியூரில் தங்கிவிட்டவள் என்ன ஆனாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஊருக்குத் தோன்றியிருக்கிறது போல. வருஷா வருஷம் மாசித் திருவிழாவில் அந்தக் கல்யாணத்தை நடத்தி, மகிழடி சேவை என்று சத்தியத்தைத் திரும்பச் செய்யவைக்கிறார்கள். தேரடி மெட்ரோவில் இறங்கினால் கோயில் பக்கம்தான். கூட்டத்தோடு நின்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம், அதற்கு அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. சிரித்த கையோடு சங்கிலியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.