தீவுகளுக்கு வாக்குரிமை வந்த வரலாறு

அந்தமான் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது சிறைச்சாலையே. 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 200 கைதிகளுடன் ஒரு கப்பல் போர்ட் பிளேர் துறையை அடைந்ததும், 1906ஆம் ஆண்டில் செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டதும், அங்கு நம் தேசபக்தர்கள் செக்கிழுத்து வாடியதும் பலராலும் பலமுறை கூறப்பட்டுள்ளன. ஆயின் அதே தீவுகளில் வாழும் மக்கள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை எப்பொழுது பெற்றனர், எவ்வாறு பெற்றனர் என்னும் வரலாறு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு இவ்வரலாற்றில் தனியானதொரு பங்கும் உண்டு, பாடமும் உண்டு. ஆதலின் அதனைச் சிறிது விரிவாக நோக்குவோம்.

அந்தமானை ஆண்டோர் யாவரும் நெடுங்காலம் வேறோரிடத்தில் நியமிக்கப்பட்டு வந்தவர்களே. ஆங்கிலேயர் அனுப்பிய அதிகாரிகள் ஆண்டனர். 1942ஆம் ஆண்டு மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றியது. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயரிட்ட அவர், ஆட்சிப் பொறுப்புக்கு அனுப்பியவர் தமிழரான கர்னல் ஏ. டி. லோகநாதன். அவரிடம் உண்மையில் வந்து சேர்ந்தது கல்வித்துறை ஒன்றே. ஏனைய அதிகாரம் அனைத்தும் ஜப்பானியர் கையிலேயே இருந்தது. 1945 அக்டோபரில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். இவர்களுள் எவரையும் தீவு மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

1950 ஜனவரி 26இல் நம் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நாட்டின் பகுதிகள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. நான்காம் பிரிவில் இடம் பெற்றது அந்தமான் நிக்கோபார் ஒன்றே. தில்லி சர்க்காரின் சார்பில் தலைமைக் கமிஷனர் ஒருவர் ஆட்சி நடத்தினார். அடுத்து வந்த முதல் பொதுத் தேர்தலில், 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் சாதி, சமயம், கல்வி, செல்வம் ஆகியவற்றைக் கருதாது வாக்குரிமை அளிக்கப்பட்டது. இமாசலத்துச் சினி வட்டாரத்து மக்கள், பனி பெய்து கணவாய்கள் அடைபடுமுன்னர், 1951 அக்டோபரிலேயே வாக்களித்தனர். மலையுச்சியிலும் வாக்குச்சாவடி அமைத்த தேசம், அந்தமானில் ஒரு சாவடியும் அமைக்கவில்லை. அத்தீவுகளுக்கென மக்களவையில் ஒதுக்கப்பட்ட ஓரிடம் குடியரசுத் தலைவரின் நியமனத்தால் நிரப்பப்படும் என்பதே அன்றைய சட்டம்.

அதற்குக் காரணம் கூற இயலாமற் போகவில்லை. 1951ஆம் ஆண்டின் கணக்குப்படி தீவுகளின் மக்கள் தொகை 30,971 மாத்திரமே. பல நூறு மைல் நீளக் கடற்பரப்பில் சிதறிக் கிடக்கும் தீவுகள், வெளியுலகத் தொடர்பை விரும்பாத ஆதிகுடிகள், கைதிகளின் வழித்தோன்றல்கள், புதிதாக வந்திறங்கிய கிழக்கு வங்க அகதிகள். இவர்களிடையே கட்சிகளும் பிரசாரமும் வேரூன்றச் சிறிது காலம் வேண்டும் என்று கருதியதில் வியப்பில்லை. எனினும் காத்திருக்கச் சொல்லப்பட்ட காலம் பதினைந்து ஆண்டுகளாக நீண்டது என்பதையும் மறத்தலாகாது.

1952ஆம் ஆண்டில் முதலாவதாக நியமனம் பெற்றவர் கார் நிக்கோபாரைச் சேர்ந்த பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். இப்பெரியாரின் வரலாற்றில் தமிழர் ஒருவரின் கைவண்ணம் காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் என்னும் ஊரில் சமயத்தொண்டும் கல்வித்தொண்டும் புரிந்தவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். அவரிடம் பயின்ற நிக்கோபார்ச் சிறுவருள் ஒருவரே ஹாசெவ்கா. அச்சிறுவர் பர்மாவின் மாந்தலை நகருக்கு அனுப்பப்பெற்று மேலும் கற்றார். ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயருடன் திரும்பி வந்தார். தம் மக்களின் மொழிக்கு எழுத்து வடிவம் தந்தார். விவிலியத்தை அதில் பெயர்த்தார். ஜப்பானியர் ஆட்சியில் கொடுந்துன்பமும் கண்டார். இத்தகைய ஒருவரை மக்களவையில் அமர்த்தியது நல்ல தேர்வே என்பதில் ஐயமில்லை. 1957இல் லச்மன் சிங்கும், 1962இல் நிரஞ்சன் லாலும் அவ்வாறே நியமிக்கப்பெற்றனர்.

நியமனம் பெற்றோர் தகுதியுடையோரா என்பது ஒரு வினா. நியமனம் என்னும் முறை மக்களுக்கு எதனை மறுத்தது என்பது மற்றொரு வினா. நியமிக்கப்பட்ட பிரதிநிதி எவ்வளவு நல்லவராயினும், ஐந்தாண்டு முடிவில் அவர்முன் நின்று கணக்குக் கேட்கும் வாய்ப்பு வாக்காளருக்கு இல்லை. அபேட்சகர்கள் வீட்டு வாயிலுக்கு வந்து வேண்டுவதும் இல்லை. எனவே கட்சிகளுக்கும் அங்கு வேலை குறைவு.

இதனினும் நுண்ணிய குறை ஒன்றும் இருந்தது. அரசியலமைப்பின் 54ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே. நியமன உறுப்பினர்களுக்கு அத்தேர்தலில் வாக்கு இல்லை. ஆகவே அந்தமானின் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். அக்குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வுறுப்பினருக்குப் பங்கில்லை. தீவுகளுக்குச் சட்டசபையும் இல்லாமையால், 1952, 1957, 1962 ஆகிய மூன்று தேர்தல்களிலும் பாபு இராஜேந்திர பிரசாத்தையும் டாக்டர் இராதாகிருஷ்ணனையும் தேசம் தலைவராகக் கொண்டபோது, அந்தமான் மக்களின் குரல் நேராகவோ மறைமுகமாகவோ அதில் கலக்கவில்லை.

இதற்கிடையில் தீவுகளின் தோற்றமே மாறி வந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் அவை யூனியன் பிரதேசமாயின. வங்கத்து அகதிகளுக்கு நிலம் வழங்கப்பட்டது. காட்டிலாகா வேலைக்கும் மராமத்து வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வாணிகத்துக்கும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கடல் கடந்து சென்றனர். 1961இல் மக்கள் தொகை 63,548, 1971இலோ 1,15,133. இருபதாண்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு. இனியும் நியமனம் போதும் என்று சொல்வதற்கு இடமில்லாது போயிற்று. 1965ஆம் ஆண்டில் யூனியன் பிரதேசங்களில் மக்களவைக்கு நேர்முகத் தேர்தல் நடத்துவதற்கான சட்டம் நிறைவேறிற்று. அதன்படி 1967 பிப்ரவரிப் பொதுத் தேர்தலில் அந்தமான் மக்கள் முதன்முறையாக மக்களவைக்கு வாக்களித்தனர். காங்கிரஸ் கட்சியின் கே. ஆர். கணேஷ் வெற்றி பெற்றார். 1971இலும் அவரே வென்றார்; பின்னர் மத்திய அரசில் நிதித்துறை இராஜாங்க அமைச்சராகவும் விளங்கினார்.

அதே 1967 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. டாக்டர் ஜாகிர் ஹுசேனும் கே. சுப்பா ராவும் எதிரெதிர் நின்ற அப்போட்டியில் அந்தமானின் உறுப்பினர் முதன்முறையாக வாக்குரிமை பெற்றவராயினார். இரண்டே ஆண்டில் ஜாகிர் ஹுசேன் காலமானார். 1969ஆம் ஆண்டின் தேர்தல் அதன் விளைவாக எழுந்தது. அதற்கு அபேட்சகரைத் தெரிவதிலேயே காங்கிரஸ் மகாசபை இரண்டுபட்டது. பெங்களூரில் கூடிய கட்சித் தலைவர்கள், காமராஜர் உட்பட, நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்த விரும்பினர். பிரதமர் இந்திரா காந்திக்கு அதில் உடன்பாடில்லை. வி. வி. கிரி சுயேச்சையாகப் போட்டியிட்டார். மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு உறுப்பினர்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு நடந்தது. முதற் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பின்னர் கிரி 4,20,077 மதிப்பும் ரெட்டி 4,05,427 மதிப்பும் பெற்றனர்.

இவ்விரு தொகைகளுக்கும் உள்ள வேறுபாடு 14,650. அன்று பார்லிமெண்டு உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் மதிப்பு 576. எனவே இருபத்தைந்து உறுப்பினர்களின் வாக்கு மதிப்பளவே வேறுபாடு. பதின்மூன்று பேர் மனம் மாறியிருப்பின் தேசத்தின் தலைவரே மாறியிருப்பார். சிறிய தொகுதியின் ஒற்றை வாக்கு எத்துணைக் கனமுடையது என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை. ஏழாண்டுகளுக்கு முன்னர் அவ்வாக்கே அந்தமானுக்கு இருந்ததில்லை.

சிறிய பகுதிக்குச் செல்வாக்கு வருவதற்கு அமெரிக்க நாடு வேறொரு வழியைக் கண்டது. அங்கு ஜனாதிபதி பதவிக்குக் கட்சி அபேட்சகரைத் தெரியும் முதனிலைத் தேர்தலை, நியூ ஹாம்ஷயர் என்னும் சிறு மாநிலம் 1920 முதல் ஏனைய மாநிலங்களுக்கு முன்னதாக நடத்தத் தொடங்கியது. 1968இல் அங்கு ஜனாதிபதி ஜான்சனை எதிர்த்து நின்ற செனட்டர் மெக்கார்த்தி நூற்றுக்கு 42 வாக்குகள் பெற்றார். வென்றவர் ஜான்சனே, எனினும் அம்மாத இறுதியிலேயே தாம் மீண்டும் போட்டியிடுவதில்லை என்று அவர் அறிவித்துவிட்டார். முந்தி வாக்களிப்போரின் முடிவைப் பிந்தி வாக்களிப்போர் கேட்டறிவதே அச்செல்வாக்கின் அடிப்படை.

நம் நாட்டிலும் அந்தமான் முந்தி வாக்களிப்பது உண்டு. 2009, 2019, 2024 ஆகிய பொதுத் தேர்தல்களில் அத்தீவுகள் முதற் கட்டத்திலேயே வாக்களித்தன. ஆயினும் நமது முறையில் பெட்டிகள் முத்திரையிடப்பட்டுக் காத்திருக்கும். 2024 ஏப்ரல் 19இல் பதிவான வாக்குகள் ஜூன் 4இல், அதாவது 46 நாள் கழித்தே எண்ணப்பட்டன. கடைசிக் கட்டம் முடியும்வரை, வாக்களித்து வருவோரிடம் எடுத்த கணிப்பை வெளியிடுதலும் சட்டப்படி குற்றம். முந்தியவர் பிந்தியவரின் மனத்தைத் திருப்பலாகாது என்பதே இதன் நோக்கம். ஆகவே அந்தமானின் செல்வாக்கு நாட்காட்டியால் வருவதன்று; எண்ணிக்கையால் வருவது.

அவ்வெண்ணிக்கையைச் சிறிது காண்போம். 1977 முதல் காங்கிரசின் மனோரஞ்சன் பக்தா எட்டு முறை வென்றார். 1977இல் வட இந்தியா முழுவதும் காங்கிரசைப் புறக்கணித்தபோதும் தீவுகள் அவரைத் தேர்ந்தன. 1999இல் பாரதீய ஜனதாவின் விஷ்ணு பத ராய் வென்றார். 2009, 2014, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அவர் வெற்றி பெற்றார். 2019இல் காங்கிரசின் குல்தீப் ராய் சர்மா வென்றது 1,407 வாக்கு வேறுபாட்டில். பெரியதோர் ஊரின் ஒரு தெருவில் அத்தனை வாக்காளர் இருப்பர்.

இத்தொகுதியில் ஒரு மொழியினர் மட்டும் கூடி வெற்றி பெறல் அரிது. 2011ஆம் ஆண்டின் கணக்குப்படி வங்காளி பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், இந்தி பேசுவோர் 19, தமிழர் 15, தெலுங்கர் 13, நிக்கோபாரியும் மலையாளமும் பேசுவோர் ஏழேழு பேர். எனவே எக்கட்சியாயினும் அயலாரின் வாசலிலும் சென்று நிற்றல் வேண்டும். உள்ளாட்சியில் மாநிலக் கட்சிகளின் கொடிகளும் பறக்கின்றன. 2022ஆம் ஆண்டின் போர்ட் பிளேர் நகராட்சித் தேர்தலில், 24 வார்டுகளில் பாரதீய ஜனதாவும் காங்கிரசும் தலைக்குப் பத்தும், தெலுங்கு தேசம் இரண்டும், திராவிட முன்னேற்றக் கழகம் ஒன்றும், சுயேச்சை ஒருவரும் வென்றனர். இரு பெருங்கட்சிகளும் சமநிலையில் நின்றமையால், 2023இல் தெலுங்கு தேசத்தைச் சேர்ந்த எஸ். செல்வி பாரதீய ஜனதாவின் ஆதரவுடன் தலைவரானார். 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

அத்தமிழருள் கச்சால் தீவில் குடியேறியோரை நாம் சிறப்பாக நினைத்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையினின்று திரும்பிய மலையகத் தமிழர் சிலர், அத்தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்ததனால் நாடற்றவராய் அலைந்தவர் அவர். வாக்குச் சீட்டின் அருமையை அதனை இழந்து அறிந்த மக்கள், நிக்கோபாரின் ஒரு மூலையில் அதனை மீளப் பெற்றனர்.

உரிமை முழுமையாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. தீவுகளுக்குச் சட்டசபை இன்றளவும் இல்லை, மாநிலங்களவையிலும் இடமில்லை. 2022இல் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அத்தீவுகளின் மொத்த வாக்கு மதிப்பு 700 மட்டுமே. மக்கள் தொகையோடு ஒப்பிடின் அது குறைந்த பங்கன்று. ஆயினும் அன்றாட ஆட்சியைப் பற்றிக் கேள்வி கேட்கத் தீவு மக்களுக்குள்ள பிரதிநிதி ஒருவரே. எனினும் உரிமை பரவி வருகிறது. 2024 ஏப்ரல் 19இல் பெரிய நிக்கோபார்க் காட்டில் வாழும் ஷோம்பென் குடியினருள் எழுவர் முதன்முறையாக வாக்களித்தனர். நியமனத்தில் தொடங்கிய வரலாறு கானகத்தின் உள்ளும் சென்றடைந்துவிட்டது.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மில் பலர், ஊரிலுள்ள வாக்காளர் பட்டியலில் பெயரை விட்டுவிட்டு, இருக்கும் இடத்தில் வாக்கின்றி வாழ்கின்றோம். தேர்தல் நாளில் ஊருக்குச் செல்ல விடுமுறையும் கிடைப்பதில்லை. பயணச் செலவும் கட்டுப்படியாவதில்லை. விளைவாக இரண்டிடத்திலும் நமக்குக் குரல் இல்லை. ஒருவர் எங்கு வழக்கமாக வசிக்கின்றாரோ அங்கேயே பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டம். ஓரிடத்தில் மட்டுமே பெயர் இருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. குடிநீர்க் குழாயும் பிள்ளைகளின் பள்ளியும் தெருவிளக்கும் நாம் வாழும் ஊரின் ஆட்சியைச் சார்ந்தவை. அவற்றைப் பற்றி நாம் கேட்கும் கேள்விக்கு மதிப்புத் தருவது அவ்வூர்ப் பட்டியலில் உள்ள நம் பெயரே. அந்தமான் மக்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற உரிமை, நமக்கு ஒரு விண்ணப்பத்தின் தூரத்தில் இருக்கின்றது. அதனை எழுதிக் கொடுப்போமாக.